குழு லோனால் சேலம் வளர்ந்ததா, கடன்தான் வளர்ந்ததா?

ஜூன் 12 – ஆத்தூர் வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் பேசினார்: சேலம் மாவட்டத்தில் சிறுதொழில் நிமிர்ந்ததற்கு நுண்கடன் வங்கிகளே காரணம் என்று. எனக்கு அப்படித் தெரியவில்லை. தெருவுக்குத் தெரு குழு லோன் வந்தது, வீட்டுக்கு வீடு டியூ வந்தது, அவ்வளவுதான். வளர்ந்தது கடன் மட்டும் என்பது என் கட்சி. கண்ணால் பார்த்தவர்கள் யாராவது மறுத்துப் பேசுங்கள்.

ஜூன் 12, இரவு

ஆத்தூர் நண்பர் சொன்னதைப் பாதி மறுக்கிறேன். சேலம் சிவதாபுரம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சுற்றிலும் கொலுசுப் பட்டறைகள், கொஞ்சம் தள்ளினால் தறிகள். என் பற்று நோட்டைப் புரட்டினால் எந்த வீட்டில் எப்போது லோன் விழுந்தது, எந்தக் கிழமை டியூ என்று சொல்லிவிடலாம்.

லோன் விழுந்த வாரம் பழைய பற்று தீரும். விண்ணப்பத்தில் "தொழில் விரிவாக்கம்" என்று எழுதி வாங்கிய பணத்தில் ஒரு பங்கு என் கல்லாவுக்கு வந்துவிடும். டியூவுக்கு முந்தின நாள் வியாபாரம் படுத்துவிடும். அரை லிட்டர் எண்ணெய் வாங்குகிறவர் கால் லிட்டர் வாங்குவார். சோப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகும்.

ஆக, நான் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காமலே இந்தக் கடனால் பிழைக்கிறேன், அதனாலேயே அடியும் வாங்குகிறேன். வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடன் வாங்கிய பெண்ணை மட்டும் பார்க்கிறார்கள். தெருவைப் பார்த்தால் கணக்கு வேறு.

ஜூன் 13, காலை

"மகளிர் குழுவையும் இதையும் குழப்புகிறீர்கள்" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். நான் குழப்பவில்லை, ஊரே குழப்புகிறது. இரண்டையும் பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

சுய உதவிக் குழு என்றால் பத்திலிருந்து இருபது பேர், முதலில் சேமிப்பு, அந்தச் சேமிப்பிலிருந்து தங்களுக்குள் கடன், அப்புறம் வங்கி இணைப்பு. நபார்டு என்ற தேசிய ஊரக வளர்ச்சி வங்கி இதை நாடு முழுக்கச் சோதனையாகத் தொடங்கியது 1992-ல். அதற்கு முன்பே, 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு நம் பக்கத்துத் தர்மபுரியில் குழுக்கள் தொடங்கிவிட்டன. சேலத்துக்கும் சீக்கிரமே வந்தது. மகளிர் திட்டம் என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது அதன் பிறகு.

இப்போது டேப்லெட் எடுத்துக்கொண்டு பைக்கில் வருகிறார்களே, அது வேறு. ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பொறுப்பு, சேமிப்புக் கிடையாது, நேராகக் கடன். வங்கதேசத்தில் முகமது யூனுஸ் 1976-ல் ஜோப்ரா கிராமத்தில் ஆரம்பித்த முறையின் வாரிசு. 1983-ல் கிராமீன் வங்கி, 2006-ல் நோபல் பரிசு எல்லாம் தெரிந்த கதை. நம் ஊரில் இதைக் கொடுப்பவர்களில் பலர் வங்கியே இல்லை, நிதி நிறுவனங்கள். டெபாசிட் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. 2015-ல் ரிசர்வ் வங்கி பத்துப் பேருக்குச் சிறு நிதி வங்கி தொடங்கக் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் இப்படிக் குழுக்கடன் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான். சென்னை ஈக்விடாஸ் அதில் ஒன்று.

வங்கியாகிவிட்டால் டெபாசிட் வாங்கலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. வெள்ளிக்கிழமை மீந்த 200 ரூபாயைப் போட்டு வைக்க இடம் இருந்தால் புதன்கிழமை டியூ பயமுறுத்தாது.

ஜூன் 13, மதியம்

கடையில் கூட்டமில்லை. வட்டிக் கணக்கு கேட்ட தம்பிக்கு:

தண்டல்காரர் 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார். தினம் 100 வீதம் நூறு நாள். "பத்து பர்சன்ட்தானே" என்று தோன்றும். அசல் தினம் குறைவதைச் சேர்த்துப் போட்டால் ஆண்டுக்கு 78 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும்.

குழு லோன்: 50,000, இரண்டு வருடம், மாதம் 2,583 கட்டச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். மொத்த வட்டி 12,000. வருடத்துக்கு 12 சதவீதம் என்று தெருவில் சொல்வார்கள். அது முழு அசலும் இரண்டு வருடம் உங்கள் கையில் இருந்தால் பொருந்தும் கணக்கு. குறையும் அசலுக்குப் போட்டால் 21.6. காப்பீடு, செயல்முறைக் கட்டணம் சேர்ந்தால் இன்னும் ஏறும்.

21.6 அதிகமா என்றால் அதிகம். 78-ஐ விட்டு இதற்கு வந்தவருக்கு லாபமா என்றால் லாபம். என் தெருவில் பூ விற்கிற அக்கா தண்டலை விட்டது இதனால்தான். தொழில் பெரிதாகவில்லை. அதே கூடை, அதே முல்லை. மாதக் கடைசியில் கையில் நிற்பது மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. இதை வளர்ச்சி என்று எந்தப் புள்ளிவிவரத்திலும் எழுத மாட்டார்கள்.

ஜூன் 15

"நுண்கடனில் வசூல் 98, 99 சதவீதம், ஏழைகள் நாணயமானவர்கள்" என்று ஒருவர் பெருமையாக எழுதியிருக்கிறார். நாணயம் உண்மை. அந்தச் சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

எங்கள் சந்து முனையில் ஒரு வீட்டு வாசலில் காலை ஏழரைக்கு சென்டர், அதாவது தவணை வசூல் கூட்டம். பாய் விரித்து, ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்திருப்பார்கள். வசூல் தம்பி டேப்பை மடியில் வைத்துப் பெயர் கூப்பிடுவார். லோன் அட்டைக்குள் நோட்டை மடித்து வைத்து முன்னால் நகர்த்துவார்கள். போன மாதம் ஒரு நாள் ஒரு அட்டை வரவில்லை. மாமியார் வந்து, "காய்ச்சலுங்க, எந்திரிக்க முடியல" என்றார். தம்பி ஒன்றும் திட்டவில்லை. டேப்பை மூடவும் இல்லை. அவ்வளவுதான் செய்தார். பட்டறைக்குப் போக வேண்டியவர்கள் மணி பார்க்கிறார்கள், பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கிறது, யாரும் எழுந்திருக்க முடியாது. கடைசியில் தலைவி என் கடைக்கு ஓடி வந்தார்: "அண்ணா, ஒரு ஆயிரத்து இருநூறு குடுங்க, சாயங்காலம் குடுத்துர்றேன்."

கொடுத்தேன். தம்பியின் கணக்கில் அன்று 100 சதவீத வசூல். என் நோட்டில் 1,200 பற்று. அது சாயங்காலம் வரவில்லை, அடுத்த வாரக் கூலியில் வந்தது. அந்த நிறுவனத்தின் புத்தகத்தில் வாராக்கடன் இல்லாததற்கு என் மளிகைக் கடையும் ஒரு காரணம். ஆண்டறிக்கையில் நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 15, இன்னும் ஒன்று

சொல்ல விட்டுப்போனது. லோன் எதற்கு என்ற கட்டத்தில் எங்கள் தெருவில் பெரும்பாலோர் "கறவை மாடு" என்று எழுதுகிறார்கள், அல்லது எழுதப்படுகிறது. எழுதிய மாடெல்லாம் நிஜமாக வந்திருந்தால் பால் விலை பாதியாகி, தெருவில் ஆட்டோ நுழைய இடம் இருக்காது. அந்த மாடுகள் கல்லூரிக் கட்டணமாகவும் கருப்பைச் சிகிச்சையாகவும் காதுகுத்துச் சீராகவும் மாறிவிட்டன. இதில் பொய் எழுதியவர் யார் என்று தேடுவது வீண். கல்லூரிக் கட்டணம் என்று உண்மையை எழுதினால் கிடைக்காது என்று எல்லோரும் நம்புகிறார்கள். 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி அப்படிக் கட்டாயமே இல்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள் இருந்து, ஈடில்லாமல் கொடுத்தால், எதற்கு வாங்கினாலும் அது நுண்கடன்தான். விதி மாறி இத்தனை நாளாகியும் எங்கள் தெருவில் மாடு மட்டும் மாறவில்லை.

ஜூன் 18

ஏற்காடு மலையில் குழு லோன் எப்படி என்று கேட்டவருக்கு. மிளகு வாங்க நாகலூர்ப் பக்கம் போவது உண்டு. மலையில் இரண்டு வகை வீடு. எஸ்டேட்டில் வாரக்கூலிக்குப் போகிறவர்கள் ஒரு வகை, வாரத் தவணை அவர்களுக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. சொந்தமாக ஒரு ஏக்கருக்கும் குறைவாகக் காப்பி வைத்திருக்கிற மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் இன்னொரு வகை. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. பழம் பறிப்பு கார்த்திகை, மார்கழி, தையில். மிளகு அதை ஒட்டி மாசி, பங்குனியில். அதோடு சரி. ஆனியிலும் ஆடியிலும் கையில் காசு இருக்காது.

டியூவுக்கு ஆடி தெரியாது.

அப்போது என்ன செய்கிறார்கள்? வியாபாரியிடம் போகிறார்கள். செடியில் காய் பச்சையாக இருக்கும்போதே முன்பணம் வாங்கி, பழத்தை அவருக்கே கொடுப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். விலையும் அப்போதே பேசியாகிவிடுகிறது, சந்தை விலைக்குக் கீழே. நான் மிளகு வாங்கும் வீட்டில் அந்த அம்மா இதை எனக்கு விரல் விட்டுச் சொன்னார். குழு லோன் வட்டி அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தவணை கட்ட விட்டுக்கொடுத்த விலைதான் பெரிது. வியாபாரியிடமிருந்து மீட்கத்தான் லோன் என்றார்கள், தவணை நாள் பார்த்து மறுபடி அவரிடமே கொண்டுபோய் விட்டது.

மலையில் பழங்குடியினருக்கான பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், லாம்ப் என்பார்கள், இருக்கின்றன. மகசூல் பார்த்துத் தவணை வைக்க அவற்றால் முடியும். ஆனால் அங்கே போனால் காகிதம் கேட்பார்கள், இங்கே ஆதார் போதும், வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ஏன் எல்லோரும் வாசலுக்கு வருகிறவரிடம் வாங்குகிறார்கள் என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஜூன் 19

நேற்றைய குறிப்புக்கு வசூல் வேலையில் இருக்கும் ஒரு தம்பி பதில் எழுதியிருக்கிறார். கோபமாகத்தான். "தவணை தள்ளி வைத்தால் பாதிப் பேர் கட்ட மாட்டார்கள் அண்ணா. எங்களுக்கு டார்கெட் இருக்கிறது. வரவில்லை என்றால் எங்கள் சம்பளத்தில் கை வைக்கிறார்கள்."

பாதிப் பேர் என்பது மிகை. ஆனால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கொல்கத்தாவில் இதைச் சோதித்துப் பார்த்து, 2013-ல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். கடன் கொடுத்த இரண்டாவது வாரமே தவணை தொடங்கியவர்கள் ஒரு பக்கம், இரண்டு மாதம் கழித்துத் தொடங்கியவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு மாத அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் அதிகம் போட்டார்கள், மூன்று வருடம் கழித்து அவர்களுடைய லாபமும் கூடியிருந்தது. கட்டத் தவறியவர்களும் அந்தப் பக்கம்தான் அதிகம்.

யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரமே தவணை என்றால் யாரும் துணிந்து எதிலும் போட மாட்டார்கள். வாங்கிய பணத்தில் பாதியைத் தவணைக்கே எடுத்து வைப்பார்கள். அது பத்திரம், ஆனால் அதிலிருந்து பட்டறை முளைக்காது. வசூலும் 99 வேண்டும், தொழிலும் வளர வேண்டும் என்றால் இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். இப்போதைக்கு எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று ஆடி மாத நாகலூரில் பார்க்கலாம்.

தம்பி, உங்கள் சம்பளத்தில் கை வைப்பது பற்றித் தனியாக எழுதுங்கள். படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜூன் 22

ஞாயிறு. கடை அரை நாள்.

"ஆய்வு என்ன சொல்கிறது" என்று ஆத்தூர் நண்பர் விடாமல் கேட்கிறார். ஹைதராபாத்தில் பானர்ஜி, டுஃப்லோ என்ற பொருளாதார அறிஞர்களின் குழு 104 குடியிருப்புகளை எடுத்து, பாதியில் மட்டும் முதலில் நுண்கடன் கிளை திறக்க வைத்துப் பார்த்தது. ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள் கூடுதலாக முதலீடு செய்தார்கள். சராசரிக் குடும்பத்தின் செலவு ஒட்டுமொத்தமாக உயரவில்லை. பெண்களின் நிலை, பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. 2015-ல் இதோடு சேர்த்து ஆறு நாடுகளின் ஆய்வுகள் ஒரே இதழில் வந்தன. எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட இதே சுருதி: கொஞ்சம் நல்லது, தலைகீழ் மாற்றம் இல்லை. ஆத்தூர் நண்பர் இதைப் படித்ததும் காலரைத் தூக்கிக்கொள்வார்.

அவசரப்பட வேண்டாம். 2010 அக்டோபரில், கடன் வாங்கியவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு, ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டு நுண்கடன் வசூலை முடக்கியது. அங்கே மாட்டிக்கொண்ட நிறுவனங்களுக்கு மற்ற மாநிலங்களில் கொடுக்கவும் பணமில்லாமல் போனது. அந்த நிறுவனங்களை அதிகம் நம்பியிருந்த வெளிமாநில மாவட்டங்களில் என்ன ஆனது என்று பிரேசா, கின்னன் என்ற இருவர் பார்த்தார்கள். அங்கே கடன் வற்றியதும் தினக்கூலி இறங்கியது. கடன் வாங்கியவரின் கூலி மட்டும் இல்லை. பொதுவாகவே.

இதைத்தான் முதல் நாள் கல்லாவை வைத்துச் சொன்னேன். 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனபோது எங்கள் தெருவில் சென்டர் நின்றது. கொலுசு வேலை நின்றது. பூ அக்கா வீட்டில் உட்கார்ந்தார். கடன் வேண்டாம் என்று கொள்கையாக இருந்த என் பக்கத்துக் கடை டீக்காரருக்கும் வியாபாரம் விழுந்தது. நோட்டுத் தட்டுப்பாடு எவ்வளவு, கடன் நின்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. தெருவில் சுற்றுகிற பணத்தில் குழு லோன் ஒரு பெரிய பங்கு என்பது மட்டும் அப்போது தெரிந்தது.

2020-ல் ஊரடங்கு. மார்ச்சிலிருந்து ஆகஸ்டு வரை தவணை தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. எங்கள் தெருவுக்கு வந்த ஒரு நிறுவனம் ஜூனிலேயே போன் போட ஆரம்பித்துவிட்டது. "தள்ளி வைத்தால் வட்டி ஏறும், அப்புறம் உங்கள் இஷ்டம்" என்று. வட்டி ஏறும் என்பது பொய்யில்லை. சொன்ன தொனிதான் பிரச்சினை.

ஜூன் 25

கொலுசு பற்றி எழுதாமல் சேலத்தைப் பற்றி என்ன பேச்சு என்று ஒருவர் கடிந்திருக்கிறார். சரி.

கொலுசுப் பட்டறையில் இருக்கும் வெள்ளி பெரும்பாலும் வியாபாரியுடையது. கட்டியை எடை போட்டுக் கொடுப்பார். உருக்கி, கம்பி இழுத்து, கண்ணி கோத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, பாலிஷ் போட்டு எடை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூலியும் கொஞ்சம் சேதாரமும்தான் பட்டறைக்காரருக்கு. சொந்த வெள்ளி வாங்கிச் செய்தால்தான் லாபம் முழுசாகக் கையில் நிற்கும். வெள்ளி கிலோ 40,000 விற்ற காலத்தில் ஒரு குழு லோனில் ஒரு கிலோ வாங்கிவிடலாம். 2025-ல் கிலோ லட்சத்தைத் தாண்டி எங்கேயோ போனது. லோன் தொகை அந்த வேகத்தில் வளரவில்லை. ஆக, அதே லோன் ஒரு காலத்தில் முதலாளியாக ஒரு படி, இப்போது கூலிக்காரராகவே தாக்குப்பிடிக்க ஒரு கைப்பிடி.

இதில்தான் "நுண்கடன் வங்கி" என்கிறவர்களுக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த தம்பதி ஒருவர் உண்டு. குழு லோனில் தொடங்கி, ஒழுங்காகக் கட்டி, அதே வங்கியில் தனிநபர் கடனுக்கு மாறினார்கள். சில லட்சம். கம்பி இழுக்கும் மெஷின் வந்தது, ஆள் வைத்தார்கள். அவர்கள் பட்டறைக்கு இப்போது என் கடையிலிருந்து தினம் பிஸ்கட், டீத்தூள், சர்க்கரை போகிறது. மூன்று வீட்டுக்கு வாரக்கூலி போகிறது. இப்படி மேலே போனவர்கள் எங்கள் பக்கம் குறைவு. குழு லோனுக்கும் பெரிய வங்கி கேட்கும் சொத்துப் பத்திரத்துக்கும் நடுவில் பெரிய பள்ளம். முத்ரா என்ற மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டம் 2015-லிருந்து இருக்கிறது, 50,000 வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர். சிசு சுலபம். கிஷோருக்குக் கிளை மேலாளர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார்.

டாப்-அப் என்று ஒன்று இருக்கிறதே, அதை இந்தப் படி ஏறுதலோடு சேர்க்க வேண்டாம். பழைய லோனின் பாக்கியைப் புது லோனில் கழித்துவிட்டு மீதியைக் கையில் கொடுப்பது. தொகை வளர்கிறது, தொழில் அங்கேயே இருக்கிறது. ஆத்தூர் நண்பர் பார்த்த "கடன் மட்டும் வளர்ந்தது" இந்த வகை என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 28

வசூலுக்கு என்ன விதி என்று கேட்ட இருவருக்கு, சுருக்கமாக. வசூலுக்குக் காலை 9-க்கு முன்பும் மாலை 6-க்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. பேசிவைத்த பொது இடத்தில்தான் வசூல், அங்கே அடுத்தடுத்து இரண்டு முறை வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. எல்லாம் 2022 விதி. தமிழ்நாடும் 2025-ல் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது, சிறைத் தண்டனை உண்டு.

அந்தப் "பாதி" விதி எப்படி நடக்கிறது என்றால், வருமானத்தைத் தம்பிதான் டேப்பில் தட்டுகிறார். தவணைக்கு எவ்வளவு வருமானம் வேண்டுமோ அவ்வளவு வருமானம் உங்களுக்கு வந்துவிடும். மகளிர் உரிமைத் தொகையையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஜூலை 2

ஆத்தூர் நண்பர் கட்சி மாறவில்லை, ஆனால் சொந்தக் கேள்வியோடு வந்திருக்கிறார். ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போடப் போகிறாராம். வீட்டில் ஏற்கெனவே ஒரு குழு லோன் ஓடுகிறது, இன்னொன்று தருவதாக வாசலில் நிற்கிறார்களாம்.

வாங்காதீர்கள். கிழங்கு பிடுங்க பத்து மாதம் ஆகும், அதுவரை வாரத் தவணையை எதில் கட்டுவீர்கள்? ஜவ்வரிசி மில்லுக்காரரிடம் முன்பணம் வாங்கித்தான். நாகலூர் அம்மா கதை உங்களுக்கும் வரும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள். தவணை அறுவடைக்குப் பிறகுதான், நாள் தவறாமல் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. வங்கியில் போனாலும் 2 லட்சம் வரை விவசாயக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது.

அதற்கு முன் ஒரு வேலை. வீட்டுக்காரம்மா பெயரில் கடன் அறிக்கை (கடன் தகவல் நிறுவனம் தரும் கடன் வரலாறு) எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒன்று இலவசம். குழு லோன் விவரம் எல்லாம் அதில் வரும். எங்கள் தெருவில் ஒரு அக்கா எப்போதோ அடைத்த லோன் இன்னும் பாக்கி என்று அதில் நின்றது. கொடுத்த நிறுவனத்திடம் எழுதி வாங்கி அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது, அதற்குள் விதைப்பு போய்விட்டது. நீங்கள் இப்போதே எடுங்கள்.